வன்னிக் காட்டில் மண் அளவை: எங்கே பிழைக்கிறது, எப்படித் திருத்துவது

வன்னியில் ஒதுக்கக் காடுகளுக்குள் மண் பார்க்க ஏற்ற காலம் மாரி ஓய்ந்த பிறகு, மாசி தொடங்கிச் சித்திரை வரைக்கும்தான். மார்கழியில் பள்ளங்களில் நீர் நிற்கும். காட்டுப்பாதையில் உழவு இயந்திரமே புதையும். ஆடி ஆவணியில் சோளகம் அடித்து மேட்டுச் செங்கபில மண் இறுகிப்போகும். ஓகர் (மண்ணைத் துளைத்து மாதிரி எடுக்கும் கைக்கருவி) நுனி தேயுமே தவிர மண் வராது. இடைப்பட்ட இரண்டு மூன்று மாதத்துக்குள் வேலையை முடிக்க எல்லோரும் அவசரப்படுகிறார்கள். பிழைகள் வருவதும் அந்த அவசரத்தில்தான்.

கருவி பழுது என்று சலித்துக்கொள்வது பல வேளைகளில் மண்ணின் இயல்பாக இருக்கும். மண்ணின் இயல்பு என்று குறிப்பேட்டில் எழுதிவைப்பது கருவியின் பிழையாகவோ கையின் பிழையாகவோ இருக்கும். எது எது என்பதைக் குழி வாயில் நிற்கும்போதே பிரித்தறிய வேண்டும். மாதிரி வவுனியாவுக்கு வந்துசேர்ந்த பிறகு அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

அலவாங்கு ஊன்றுமுன்

வனத் திணைக்களத்தின் அனுமதி (சரணாலயம், தேசிய பூங்கா என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி) கையில் இருந்தாலும், அது மிதிவெடி இல்லை என்பதற்கான உறுதி ஆகாது. குறித்த துண்டு நிலம் வெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கச்சேரியில் தனியாகக் கேளுங்கள். கேட்கும்போது இன்னொன்றையும் கேட்க வேண்டும்: எவ்வளவு ஆழத்துக்கு அகற்றினார்கள்? வெடி அகற்றலுக்கு ஓர் ஆழ வரம்பு உண்டு; மண் படைகளைப் பார்க்க வெட்டும் பக்கப்பார்வைக் குழியோ ஒன்றரை மீற்றர் இறங்கும். பதில் தெளிவாக இல்லாத இடத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

வேலை நடக்கும்போது உலோகத் துண்டு, வயர், பச்சை பிளாஸ்ரிக் மூடி எது தென்பட்டாலும் தொடாதீர்கள். எல்லோரும் நின்று, வந்த காலடித் தடத்திலேயே திரும்பி வெளியேறி, இடத்தைத் தூரத்திலிருந்தே அடையாளப்படுத்தி 119க்கு அழையுங்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் வேலை முடிந்தது.

ஓகர் ஓர் ஆழத்துக்குக் கீழே இறங்கவே இல்லை

வன்னி மேட்டுநிலத்தில் மிக அதிகமாக வரும் முறைப்பாடு இது. நான்கு காரணங்கள் உண்டு. கையும் காதும் கொண்டு அவற்றைப் பிரிக்கலாம்.

கைப்பிடி சுற்றுகிறது, சத்தமில்லை, வெளியே எடுத்தால் நுனியில் சிவப்புத் தூள் மட்டும் ஒட்டியிருக்கிறது என்றால் அது காய்ந்து இறுகிய களிப்படை. செங்கபில மண்ணின் மேற்படையில் மணல் கூட. அதற்குக் கீழே களி சேர்ந்த படை இருக்கிறது. ஈரம் போனதும் அந்தப் படை கெட்டியாகிவிடும். பின்னேரம் துளைக்குள் ஒரு லீற்றர் தண்ணீர் விட்டு, இலை தழையால் மூடி, மறுநாள் காலை திரும்ப இறக்குங்கள். தண்ணீர் விட்ட துளையிலிருந்து ஈரப்பதனுக்கோ மின்கடத்துதிறனுக்கோ மாதிரி எடுக்கக் கூடாது. 'நீர் விடப்பட்டது' என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதாவிட்டால் பின்னால் யாராவது அந்த மண்ணை இயல்பாகவே ஈரமானது என்று படித்துவிடுவார்கள்.

அரைபடும் சத்தம் கேட்டு, கைப்பிடி கைக்குள் துள்ளினால் பருக்கைக்கல். வன்னியின் பெரும்பகுதிக்குக் கீழே இருப்பது பழைய உருமாறிய பாறை. அது உக்கி அழியும்போது குவாட்ஸ் அழியாமல் மிஞ்சி, வெள்ளையும் துரு நிறமுமாக ஒரு கல்லடுக்காக மண்ணுக்குள் கிடக்கும். அனுபவம் இல்லாதவர் இங்கே 'தடை' என்று எழுதிவிட்டு, இரண்டு மீற்றர் தள்ளி, கல் இல்லாத இடம் கிடைக்கும்வரை துளைத்துப் பார்ப்பார். அப்படிச் செய்தால் காடு முழுவதும் கல் இல்லாத ஆழமான மண் என்று வரைபடம் சொல்லும். அந்தக் கல்லடுக்கும் பதிவு செய்ய வேண்டிய தகவல்தான். வேருக்கு எட்டும் நீரின் அளவை அது பெரிதும் தீர்மானிக்கிறது.

செய்ய வேண்டியது இது: முதல் துளையிலிருந்து ஒவ்வொரு மீற்றர் தள்ளி இன்னும் இரண்டு துளை போடுங்கள். மூன்றும் ஏறத்தாழ ஒரே ஆழத்தில், 10 சதமமீற்றர் வித்தியாசத்துக்குள், நின்றால் அது தொடர்ச்சியான படை. ஆழத்தை எழுதி, ஓகரை வைத்துவிட்டு, 50க்கு 50 சதமமீற்றர் சின்னக் குழியை அலவாங்கால் திறவுங்கள். வெளிவரும் மண்ணை 2 மில்லிமீற்றர் அரிதட்டில் சலித்து, கல்லையும் மண்ணையும் வேறுவேறாக நிறுத்து விகிதத்தை எழுதுங்கள். கண்மதிப்பு இங்கே நம்பத்தகாது. வெள்ளைக் கல் சிவப்பு மண்ணில் எடுப்பாகத் தெரிவதால் எல்லோரும் கூட்டித்தான் மதிப்பிடுவார்கள்.

மெத்தென்று தடுத்து, திருப்பி எடுக்கையில் நாரும் பட்டையும் வந்தால் வேர். பாலையோ வீரையோ நிற்கும் இடத்தில் அடிமரத்தை விட்டு மூன்று நான்கு மீற்றர் தள்ளுங்கள். 'டங்' என்ற ஒற்றைச் சத்தம், அலவாங்கால் குத்தினாலும் அதே சத்தம் என்றால் பாறை. அதையும் மூன்று துளையில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தனிக் கல்லாகவும் இருக்கலாம்.

எந்தக் காரணமானாலும் ஓகரின் கைப்பிடியைச் சம்மட்டியால் அடிக்காதீர்கள். பொருத்து விரிந்துவிடும், பிறகு நீட்டுக்கம்பி ஏறாது. இறுகிச் சிக்கினால் எதிர்ப்பக்கம் அரைச்சுற்று திருப்பி, இரண்டு பேர் முழங்காலை மடித்து நேராகத் தூக்க வேண்டும்.

ஓகர் இறங்குகிறது, மண் மேலே வரவில்லை

மணல் என்றால் வாய் அகன்ற ஓகரில் தங்காது. மன்னார்ப் பக்கத்துச் செம்மஞ்சள் லற்றசோல் என்ற செம்மண்ணிலும் முல்லைத்தீவுக் கரையோர மணலிலும் அலகு நெருங்கிய மணல் ஓகரைக் கொண்டுபோங்கள். காய்ந்த மணலுக்கு ஒரு சிரட்டை தண்ணீர் விட்டால் போதும்.

மாறாக மண் ஒட்டிக்கொண்டு ஓகரை விட்டு இறங்காவிட்டால் களி. முருங்கன் பக்கத்துக் கரிய குருமுசோல் என்ற களிமண்ணில் இது தலையிடி. ஒரு முறைக்கு அலகின் பாதியளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். கால் சுற்று, கால் சுற்றாக இறக்கி எடுங்கள். பள்ளத்தில் நீர்மட்டத்துக்குக் கீழே துளை இடிந்து விழுந்தால், ஓகரைவிடச் சற்று அகன்ற பிவிசி குழாயொன்றை இறக்கி, அதற்குள்ளால் துளையுங்கள்.

எந்த மண்ணானாலும், ஒவ்வொரு முறையும் ஓகரில் மேலே நிற்கும் இரண்டு மூன்று சதமமீற்றரைத் தட்டி எறிந்துவிடுங்கள். அது துளையின் விளிம்பிலிருந்து உதிர்ந்த மேல்மண். ஆழத்தில் எதிர்பாராமல் கூடுதலான சேதனப் பொருள் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ஒரே கட்டிக்கு இருவர் இரண்டு நிறம் எழுதுகிறார்கள்

மண்ணை ஒப்பிட்டு நிறம் எழுதும் மன்செல் நிறப் புத்தகத்தில் பிழை இருப்பது அருமை. முதலில் ஈரத்தைப் பாருங்கள். காய்ந்த கட்டி நனைந்தால் நிறம் ஒன்று இரண்டு படி இருளும். ஒருவர் காய்ந்ததையும் மற்றவர் ஈரமானதையும் வாசித்திருப்பார்கள். நீரைத் தெளித்து, இனித் தெளித்தாலும் நிறம் மாறாது என்ற நிலையில் வாசியுங்கள். மேற்பரப்பு பளபளத்தால் நீர் கூடிவிட்டது, சற்றுப் பொறுங்கள். காய்ந்த நிறமும் தேவையென்றால் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

அடுத்தது வெளிச்சம். வீரை, பாலை அடர்ந்த இடத்தில் இலைக்கூரையால் வடிந்துவரும் வெளிச்சம் பச்சைச் சாயலாக இருக்கும். சிவப்பு அதில் மங்கும். கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வெட்டவெளிக்குப் போய், காலை ஒன்பது மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் இடையில், வெயில் நேரே தாளில் விழும்படி பிடித்து வாசியுங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். மூன்றாவது, கட்டியை விரலால் நசுக்கிப் பார்க்கக் கூடாது. உடைத்து, உடைந்த முகத்தைப் பாருங்கள். மேலே பூசினாற்போல் களிப்படலம் இருந்தால் அதன் நிறத்தை வேறாக எழுத வேண்டும்.

கையில் மணல், ஆய்வுகூடத்தில் களி

செம்மண்ணுக்கே உரிய சிக்கல் இது. இரும்பொட்சைட்டு களித்துணிக்கைகளை ஒட்டிச் சிறு மணிகளாக்கி வைத்திருக்கும். விரலுக்கு அது மணலாகத்தான் படும். லற்றசோலில் இது மிகவும் கூட. அரை நிமிடம் பிசைந்துவிட்டு 'மணற்பாங்கான இருவாட்டி' (இருவாட்டி என்பது மணலும் களியும் கலந்த மண்) என்று எழுதினால் பிழைத்துவிடும்.

ஒரு கோழிமுட்டை அளவு மண்ணை எடுத்து, கல்லையும் வேரையும் நீக்கி, சொட்டுச் சொட்டாக நீர் விட்டு, ரொட்டிக்குப் பிசையும் மா பதத்துக்குக் கொண்டுவாருங்கள். செம்மண் என்றால் நான்கைந்து நிமிடம் விடாமல் பிசைய வேண்டும். பிசையப் பிசைய மணிகள் உடைந்து, உருண்டை இறுகி, மேலும் நீர் கேட்கும். நீர் கேட்பது நின்றதும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நாடாவாகத் தள்ளுங்கள். 2.5 சதமமீற்றருக்குள் முறிந்தால் இருவாட்டி வகை, 2.5 முதல் 5 வரை போனால் களியிருவாட்டி வகை. 5 தாண்டினால் களி. பிறகு சிறிதளவை உள்ளங்கையில் நீரோடு குழைத்து, கரகரப்பு எவ்வளவு என்று பாருங்கள்.

கையும் ஆய்வுகூடமும் அப்படியும் ஒத்துவராவிட்டால் பிழை ஆய்வுகூடத்திலும் இருக்கலாம். களியைப் பிரிக்கும் கல்கன் கரைசல் பழையதானாலோ கலக்கிய நேரம் குறைந்தாலோ அங்கே களி குறைவாகவும் மணல் கூடவும் வரும். எந்தப் பக்கம் விலகுகிறது என்பதே எங்கே தேட வேண்டும் என்பதைக் காட்டிவிடும்.

மேட்டில் பள்ளத்து மண் கிடைக்கிறது

வன்னியின் ஒழுங்கு எளியது: மேட்டிலும் சாய்விலும் செங்கபில மண், அடிப்பள்ளத்தில் நீர் நின்று சாம்பல் நிறமான கிளே மண். இந்த ஒழுங்குக்கு முரணாக ஒரு துளை வந்தால் புது மண்வகை கண்டதாக எழுதுமுன் சுற்றிவர நடந்து பாருங்கள்.

கறையான் புற்று கிட்ட இருக்கலாம். புற்றுமண்ணில் களி கூட, சுண்ணாம்பும் சேர்ந்திருப்பதுண்டு. உயிருள்ள புற்று கண்ணுக்குத் தெரியும். கரைந்துபோன பழைய புற்று மெல்லிய திடலாக, அதில் மட்டும் புல் பச்சையாகத் தெரியும். பத்து மீற்றர் தள்ளுங்கள்.

அல்லது நிற்பது கைவிடப்பட்ட குளத்துக்குள். வன்னிக் காடு முழுவதும் தூர்ந்த சிறுகுளங்கள். உள்ளே மரம் வளர்ந்து காடாகிவிட்டதால் குளம் என்றே தெரியாது. வளைந்து போகும் ஒரு நீளத் திடலைத் தேடுங்கள், அதுதான் குளக்கட்டு. மருதமரம் இருந்தால் நீர் நின்ற அல்லது ஓடிய இடம் என்ற சந்தேகம் வலுக்கும். குளத்துக்குள் கிடைத்த மண் குளத்து மண்தான். அதை நீக்கிவிடாமல், 'தூர்ந்த குளம்' என்று நிலவடிவக் குறிப்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது போர்க்கால மண். மண் அணைகளும் பதுங்குகுழிகளும் இருந்த இடத்தில் படைகள் தலைகீழாகக் கிடக்கும்: சிவந்த களி மேலே, கறுத்த மேல்மண் கீழே, நடுவே கத்தியால் வெட்டியதுபோன்ற நேர்க்கோடு, வேர் இல்லாத தளர்ந்த மண், உரப்பை நார், பொலித்தீன். இதைக் கண்டதும் துளைப்பதை நிறுத்துங்கள். மண் குழம்பியது மட்டும் காரணமல்ல; அப்படிப்பட்ட இடத்தில்தான் வெடிபொருள் எஞ்சியிருக்கும்.

சேனை செய்த இடத்தில் கரித்துண்டு கிடைக்கும். படை மாறியிருக்காது; குறிப்பு மட்டும் போதும்.

பள்ளத்து மண் நல்ல வடிகாலுள்ளதாகத் தெரிகிறது

கோடையில் போயிருக்கிறீர்கள். நீரைத் தேடாமல் நிறத்தைப் பாருங்கள். 50 சதமமீற்றருக்குள் நரைத்த சாம்பல் நிறமும், அதில் துரு நிறப் புள்ளிகளும், வேர்த்துளையோரம் செம்மஞ்சள் கோடுகளும் இருந்தால் மாரியில் அங்கே நீர் நிற்கிறது. மண் காய்ந்தாலும் அந்த அடையாளம் அழியாது.

அமிலம் விட்டால் நுரைக்கவில்லை. பிஎச் எல்லாம் 8க்குக் கிட்ட வருகிறது

10 வீத ஐதரோக்குளோரிக் அமிலம் மேட்டுச் செங்கபில மண்ணின் மேற்படையில் நுரைக்காதது இயல்பு. கீழ்ப்படையில் சுக்கான் (சுண்ணாம்பு) உருண்டை இருந்தால் அதில் நுரைக்கும். அமிலத்திலேயே சந்தேகம் வந்தால் நத்தை ஓட்டில் ஒரு துளி விடுங்கள். அதிலும் நுரைக்காவிட்டால் அமிலம் செத்துவிட்டது. மேற்படை நுரைத்தால் முன்சொன்ன புற்றையும், பாதைக்குக் கொட்டிய சுண்ணக்கல்லையும் தேடுங்கள்.

பிஎச் எல்லா இடத்திலும் ஒன்றுபோல உயர்ந்து வந்தால் மண்ணைப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். முகாமுக்குப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் கலக்கியிருப்பார்கள். வன்னிக் கிணற்று நீர் பெரும்பாலும் வன்னீர். அதன் இருகாபனேற்று அளவீட்டை மேலே தள்ளும். வடித்த நீர் முடிந்துபோனால் வாகனக் கடையில் பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீர் வாங்கலாம். போத்தலில் எழுதியிருப்பதை வாசித்து வாங்குங்கள். பற்றரி அமிலமும் அதே தட்டில்தான் இருக்கும்.

அளவு: 10 கிராம் காற்றில் உலர்ந்து சலித்த மண், 25 மில்லிலீற்றர் நீர். கலக்கி அரை மணி நேரம் விட்டு, வாசிக்குமுன் ஒருமுறை கலக்குங்கள். மானியை அன்றன்று காலை 7.00, 4.00 தாங்கற் கரைசல்களில் சரிபாருங்கள். எண் நிலைக்காமல் நகர்ந்துகொண்டே இருந்தால் மின்வாய் உலர்ந்திருக்கும்; பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் ஒரு இரவு ஊறவிடுங்கள். வடித்த நீரில் ஊறவைத்தால் இன்னும் கெடும். வெயிலில் நின்ற வாகனத்துக்குள் மானியை விடாதீர்கள்.

தோற்ற அடர்த்தி நம்பமுடியாத எண்ணாக வருகிறது

தோற்ற அடர்த்தி என்பது உலர்ந்த மண்ணின் நிறையை அதன் கனவளவால் வகுத்தது. அது ஒரு கன சதமமீற்றருக்கு 1.8 கிராமுக்கு மேல் வந்தால், மாதிரி எடுக்கும் உலோக வளையத்துக்குள் மண் நசுங்கியிருக்கும், அல்லது கல் இருக்கும். வளையத்தை இறக்கிய பின், எடுக்குமுன், உள்ளே இருக்கும் மண்மட்டமும் வெளியே இருக்கும் மட்டமும் சமமா என்று பாருங்கள். உள்ளே தாழ்ந்திருந்தால் அந்த மாதிரியை எறிந்துவிடுங்கள். வளையத்தின் மேல் பலகை வைத்து மெல்லத் தட்ட வேண்டும். ஓங்கி அடிக்கக் கூடாது. மண் மிகக் காய்ந்திருந்தால் உடைந்து உதிர்ந்து எண் குறையும். ஈரமாக்கி மறுநாள் எடுங்கள்.

பருக்கைக்கல் படையில் வளையம் வேலைக்கு உதவாது. சிறு குழி தோண்டி, வந்த மண் முழுவதையும் ஒரு பையில் சேர்த்து, குழிக்குள் மெல்லிய பொலித்தீனைப் பதித்து, விளிம்பு மட்டத்துக்குத் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். அதுதான் கனவளவு. 105 பாகை செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி, கல்லை வேறாக நிறுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக: குழி 1,200 மில்லிலீற்றர், உலர்ந்த மொத்தம் 2,040 கிராம், அதில் கல் 816 கிராம். கல்லின் கனவளவு 816ஐ கல்லின் அடர்த்தியான 2.65ஆல் வகுக்க 308. மீதி மண் 1,224 கிராம், அதன் கனவளவு 892. நுண்மண்ணின் அடர்த்தி 1.37. கல்லைக் கழிக்காமல் கணக்கிட்டிருந்தால் 1.70 வந்திருக்கும், இறுகிய மண் என்று பிழையாக முடிவு செய்திருப்பீர்கள்.

குறித்த இடம் வரைபடத்தில் வேறெங்கோ விழுகிறது

விலகல் சரியாக 300,000 மீற்றர் என்றால் ஒருவர் பழைய இலங்கை வலையிலும் (வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் கிழக்கு, வடக்கு எண் முறை) மற்றவர் 1999 வலையிலும் எழுதியிருக்கிறார்கள். பழையதன் தொடக்க எண் 200,000, புதியதன் தொடக்க எண் 500,000. மாங்குளப் பக்கத்தில் புதிய வலையில் கிழக்கு எண் 464,000 அளவிலும் வடக்கு எண் 736,000 அளவிலும் வரும். பழையதில் 164,000, 436,000. விலகல் சில நூறு மீற்றர் என்றால் ஜிபிஎஸ் உலகப் பொது ஆதாரத்தில் (WGS84) இருக்க, வரைபடம் இலங்கையின் பழைய கண்டவளை ஆதாரத்தில் இருக்கிறது. இதை எளிதில் பிடிக்க முடியாது. புள்ளி காட்டுக்குள்தானே விழுகிறது. வேலை தொடங்குமுன் தெரிந்த ஒரு சந்தியில் நின்று எல்லோருடைய கருவியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து இருபது மீற்றர் அலைவது மரக்கூரையால். சில நிமிடம் வைத்துச் சராசரி எடுத்தால் போதும்.

பையில் எண் அழிந்துவிட்டது, மாதிரி பூஞ்சணம் பிடித்துவிட்டது

மாக்கர் எழுத்து ஈரப்பையில் உரசி அழியும். பென்சிலால் தாளில் எழுதி, அதைச் சின்னப் பொலித்தீனில் போட்டு, மாதிரிப் பையோடு இன்னொரு பைக்குள் வையுங்கள். முகாமில் பைகளை நிலத்தில் வைக்காதீர்கள். ஒரு இரவுக்குள் கறையான் துணிப்பையையும் தாளையும் அரித்துவிடும். கல்லுக்கு மேல் பலகை போட்டு அடுக்குங்கள். அன்றன்றே பையைத் திறந்து நிழலில் பரப்பி உலர்த்துங்கள், வெயிலில் வேண்டாம். நைத்திரேற்றுப் பார்க்க வேண்டிய மாதிரியை மட்டும் உலர்த்தாமல் ஐஸ்பெட்டியில் வைத்து அனுப்புங்கள். நாகத்தின் (சிங்க் உலோகம்) அளவு எதிர்பாராமல் கூடினால் நாகம் பூசிய வாளியில் கலக்கினீர்களா என்று பாருங்கள். பிளாஸ்ரிக் வாளிக்கு மாறுங்கள்.

இரவு திறந்திருந்த குழி, மூடிய பின் தாழும் குழி

காலையில் குழிக்குள் இறங்குமுன் தடியால் சுவரோரம் தட்டிப் பாருங்கள். புடையன் குளிர்ந்த குழியில் படுத்திருக்கும். கடித்தால் வெட்டவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து 1990க்கு அழைத்து ஆஸ்பத்திரிக்கு.

குழியை மூடும்போது எடுத்த வரிசைக்கு எதிர்வரிசையில் போடுங்கள்: கீழ்மண் முதலில், மேல்மண் கடைசியில். ஒவ்வொரு 20 சதமமீற்றருக்கும் மிதித்து இறுக்குங்கள். நிலமட்டத்துக்கு மேலே ஒரு சாண் திடலாக விட்டுவிட வேண்டும். முதல் மாரியில் அது தாழ்ந்து சமமாகும். மட்டமாக மூடினால் மழைக்குப் பின் பள்ளம் விழும். வழி தெரிந்த மாடும் யானைக் கன்றும் இரவில் அந்தப் பக்கத்தால்தான் தண்ணீருக்கு இறங்கும்.